வையாவிருத்தியம் யார் கடமை?

உள்தவம் ஆறு என்பதை நம் இல்லத்துச் சிறார்களும் விரல்விட்டு எண்ணிச் சொல்வர். பிராயச்சித்தம், விநயம், வையாவிருத்தியம், சுவாத்தியாயம், வியுத்சர்க்கம், தியானம் என்பன அவை. இவற்றுள் மூன்றாவதற்குப் ‘பணிவிடை செய்தல்’ என்று பொருள் எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். இம்முறை அச்சொல்லிடத்தே சற்று நின்று, நம் இல்லங்கள் பலவற்றில் இன்று குடிகொண்டுள்ள ஒரு துன்பத்தோடு சேர்த்து அதனைப் பயில்வோம். முதுமையில் வரும் மறதிநோயே அத்துன்பம். மருத்துவர்கள் இதனை டிமென்ஷியா என்பர்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில், வையாவிருத்தியம் பெறுதற்குரியோரைப் பத்து வகையாகப் பகுத்துரைக்கிறார். ஆசாரியர், உபாத்தியாயர், தபஸ்விகள் என்று செல்லும் அவ்வரிசையில் ‘கிலானர்’ என ஒரு வகை உண்டு. நோயால் நலிந்தோர் என்பது அதன் பொருள். அவ்வரிசை துறவியரை நோக்கியது என்பது உண்மையே. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தாரின் விரதங்களுள் ஒன்றாக இதனை வைத்தபோதும், துறவியர்க்கு ஆற்றும் தொண்டாகவே கூறினார். எனினும், வீதியில் எழுந்தருளும் முனிவர்க்கு இருகை கூப்பி ஆகாரம் அளிக்கும் நாம், உள்ளறையில் தன் பெயரையும் மறந்து அமர்ந்திருக்கும் முதியவளுக்கு என்ன செய்கிறோம் என்னும் வினா எழாமல் இராது. அவ்வினாவுக்கு இன்று ஒரே ஒரு விடைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. ‘மருமகள் பார்த்துக்கொள்கிறாள்’ என்பதே அது.

இந்த விடையைத்தான் இப்பாடத்தில் ஆராய வேண்டும்.

முதலில் நோயை அறிவோம். கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது முதுமை. கண்ணாடி எதற்கு என்பதையே மறப்பது நோய். பெயர் நினைவுக்கு வரத் தாமதமாவது இயல்பு. பெற்ற மகனைப் பார்த்து ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று கேட்பது இயல்பன்று. நாள்தோறும் செய்துவந்த சமையலில் வரிசை தடுமாறுதல், பழகிய தெருவில் வழிதவறுதல், ஒரே வினாவைக் கால்மணிக்குள் பத்துமுறை கேட்டல், காரணமின்றிப் பிறரை ஐயுறுதல் ஆகியவை தொடக்கக் குறிகள். 1906ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் இந்நோயின் ஒரு வகையை முதன்முதலாக விளக்கினார். அவரிடம் 51 வயதில் வந்த பெண்மணி காட்டிய முதற்குறிகளுள் ஒன்று, தம் கணவர்மேல் கொண்ட ஐயமாகும். இதனை நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னர் இது பயன்படும்.

2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கணிப்பின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 7.4 பேர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர். ஆடவரினும் பெண்டிர்க்கும், நகரத்தாரினும் சிற்றூரார்க்கும் இது மிகுதி என்று அக்கணிப்பு கூறுகிறது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல்கடந்த நாடுகளிலும் இருக்க, பெற்றோர் மட்டும் ஊரில் ஜினாலயத்தின் நிழலில் வாழும் நம் சமூகத்துக்கு இவ்விரண்டு செய்திகளும் புறத்தே நின்று கேட்கத்தக்கன அல்ல.

மறதி அனைத்தும் தீராத நோயன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு, கீழே விழுந்து தலையில் அடிபட்டபின் மெல்ல மெல்லக் கசியும் குருதி ஆகியவையும் இதே குறிகளைத் தரும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. நமக்குச் சிறப்பாக உரியது வைட்டமின் பி12 குறைவு. புலால் நீக்கிய உணவில் இச்சத்து பாலிலும் தயிரிலும்தான் ஓரளவு உண்டு. காய்கனி தானியங்களில் இல்லை. வயது ஏற ஏற உடல் அதனை ஏற்கும் ஆற்றலும் குன்றும். நம் முதியோர் பலர் இனிப்புநீருக்குப் பயந்தோ, செரிமானம் கருதியோ, ரஸபரித்தியாகமாகவோ பாலையும் விட்டுவிடுகின்றனர். ஆதலின் மறதி தோன்றிய உடனே ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிடுதல் நலம். மாத்திரையிலோ ஊசியிலோ சீர்ப்படக்கூடிய ஒன்றை ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லி விட்டுவிட்ட குடும்பங்களை நான் அறிவேன்.

‘முன்வினை’ என்று சொல்லி விடுவோரும் உளர். ஞானாவரணீய கர்மத்தின் உதயம் என்கின்றனர். இருக்கலாம். ஆனால் அக்கர்மத்துக்கு நம் ஆசாரியர்கள் காட்டும் உவமை யாது? தெய்வத் திருவுருவின்மேல் போர்த்திய திரைச்சீலை என்பதன்றோ? திரை மறைக்குமேயன்றி உருவத்தை அழிக்காது. அறிதல் ஆன்மாவின் இயல்பு. அது மறைபடும், மாயாது. தன் மகளை அறியாத அம்மையாரிடத்தும் அறிவே வடிவான அதே ஆன்மா உளது என்று நம்புவதே நற்காட்சி. அவர் முன்னிலையிலேயே ‘இதற்கு ஒன்றும் தெரியாது’ என்று அஃறிணையில் பேசுவோர் எந்தச் சித்தாந்தத்தைக் கற்றனரோ, யான் அறியேன்.

இனி என் தமக்கையாரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். சொந்தக் கதை சொல்வது இப்பக்கங்களுக்கு ஏற்றதன்று என்று தயங்கினேன். எனினும் இப்பாடத்தை யான் கற்றது நூலிலன்று, அவர் வீட்டுத் திண்ணையிலேயே.

அவர் வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இளைய மகனோடு வாழ்ந்தார். 2016ஆம் ஆண்டில் நோய் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு விடுமுறைக்குச் சென்றிருந்தேன். மாலைதோறும் வாசலை நோக்கி, ‘அப்பா சந்தைக்குப் போனவர் இன்னும் வரவில்லையே’ என்பார். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவள் ஆதலின், பிழையைக் கண்டால் திருத்தாமல் இருக்க என்னால் ஆகாது. ‘அக்கா, அப்பா காலமாகி நாற்பத்தொன்பது ஆண்டு ஆகிறது’ என்றேன். அவர் அன்றுதான் அச்செய்தியைக் கேட்டவர்போல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்து சிறிது நேரத்தில் அதனையும் மறந்து, மீண்டும் அதே வினாவைக் கேட்டார். மீண்டும் திருத்தினேன். மீண்டும் அழுதார். ஒரே மாலையில் மூன்றுமுறை என் தமக்கைக்குத் தந்தையின் மரணத்தை அறிவித்தேன். நான்காம் முறை அவர் மருமகள் முந்திக்கொண்டு, ‘அத்தை, தாத்தா சந்தையில் உங்களுக்கு என்ன வாங்கி வருவார்?’ என்று கேட்டாள். அக்காவின் முகம் மலர்ந்தது. பொரி உருண்டையும் கண்ணாடி வளையலும் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவனை அழைத்துச் செல்க என்று ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் கற்பித்தார்கள். இந்நோயில் தெரியாததிலிருந்து தெரிந்ததற்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதைப் பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்ட அப்பெண் எனக்குக் கற்பித்தாள்.

இங்கே நம் அன்பர்க்கு ஓர் ஐயம் எழலாம். இறந்தவரை இறந்தார் என்று சொல்லாதுவிடுதல் சத்திய அணுவிரதத்துக்கு மாறாகாதா? ஆகாது. மெய்யேயாயினும் பிறர்க்குத் துன்பம் விளைக்கும் சொல்லைச் சொல்லாதிருத்தலே இல்லறத்தானின் வாய்மை விரதம் என்று சிராவகாசாரம் வரையறுக்கிறது. அன்றியும் அப்பெண் பொய் ஒன்றும் கூறவில்லை. வினா ஒன்றையே கேட்டாள். ‘அப்பா வருவார்’ என்று பொய்யுரைக்கவும் வேண்டா, ‘இறந்தார்’ என்று வெட்டவும் வேண்டா. அவர் மனம் நிற்கும் இடத்துக்கு நாம் சென்று அருகில் அமர்ந்தால் போதும். நோயாளரோடு வாதிடாமை, திருத்தாமை, சோதனை வினா கேளாமை (‘நான் யார் சொல்லுங்கள்?’ என்பது வருவோர் அனைவரும் கேட்கும் கொடுமையான வினா) ஆகிய மூன்றும் மருத்துவர்களும் வற்புறுத்துவனவே.

அதே ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்றைச் சொல்ல என் கை கூசுகிறது. அக்காவின் தங்க வளையல் ஒன்று காணாமற்போயிற்று. மருமகள் திருடிவிட்டாள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் அவர் சொன்னார். தெளிவாக, நாளும் நேரமும் குறித்துச் சொன்னார். ஊரில் சிலர் நம்பினர். அப்பெண்ணின் பிறந்தகத்துக்கும் செய்தி போயிற்று. யானும் பாதி நம்பினேன். அவளிடம் நேரே கேட்காமல், பீரோச் சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் புரிந்துகொண்டாள். ஒன்றும் சொல்லாமல் சாவிக்கொத்தை என்முன் வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டாள். இரண்டு திங்கள் கழிந்தபின் அரிசிப் பானையின் அடியில் வளையல் கிடைத்தது. பொருளை எங்கோ மறைத்துவிட்டு, மறைத்ததை மறந்து, அருகில் இருப்பவரைக் குற்றம் சாட்டுதல் இந்நோயில் மிகப் பரவலாகக் காணப்படும் குறி என்று பின்னர் மருத்துவர் சொல்லி அறிந்தேன். யார் மிகுதியாகப் பணி செய்கின்றாரோ, யார் எந்நேரமும் அருகில் இருக்கின்றாரோ, அவர்மேலேயே பழி விழும். மகனும் மகளும் விருந்தினர்போல் வந்து நல்ல பெயர் வாங்கிச் செல்வர்.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவதாகிய உவர்ப்பின்மைக்கு உத்தாயன மன்னன் கதையைக் கூறுவது மரபு. நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவனுக்கு மன்னன் ஆகாரம் அளிக்க, உண்டவர் அவன்மேலேயே கக்கினார். முடைநாற்றம் பொறாமல் ஏவலர் அகன்றனர். மன்னனும் தேவி பிரபாவதியும் மட்டும் அருவருப்பின்றி நின்று, தாம் இட்ட உணவில்தான் குற்றம் என்று தம்மையே நொந்து, அவர் உடலைக் கழுவினர் என்பது கதை. சிறுவயதிலிருந்து இக்கதையைக் கேட்டும் வகுப்பில் சொல்லியும் வந்த எனக்கு, அக்காவின் வீட்டில்தான் ஒன்று புலப்பட்டது. அங்கே இருவர் இருந்தனர். ஒருவர் தாங்கிப்பிடிக்க ஒருவர் கழுவினர். கழுவி முடிந்ததும் கதையும் முடிந்தது. நம் வீடுகளில் ஒருத்திதான் இருக்கிறாள். நாளைக்கு மூன்றுமுறை, ஆண்டுக்கு 365 நாள், நான்கைந்து ஆண்டுகள். அவளைச் சோதித்துப் பார்த்து இறுதியில் தன்னுரு காட்டி வாழ்த்த எந்தத் தேவனும் வருவதில்லை. ஏவலர் அகன்றதுபோல் நாம்தான் அகன்று நிற்கிறோம்.

வளையல் கிடைத்த பின்னர் ஒருநாள் அவளிடம், ‘உனக்கு என்ன உதவி வேண்டும், அம்மா?’ என்று கேட்டேன். பணம் என்பாள், ஆள் என்பாள் என்று எண்ணினேன். ‘சின்னத்தை, கோயிலுக்குப் போய்ப் பதினொரு மாசம் ஆகுது. ஒரு மணி நேரம் நீங்க இவங்ககூட உட்கார்ந்தீங்கன்னா, குளிச்சிட்டுப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வருவேன்’ என்றாள். ஜினாலயம் அந்த வீட்டிலிருந்து நான்காவது கட்டடம்.

ஆகவே, சமூகத் தொண்டு என்பது பெரிய இல்லம் கட்டுவதில் தொடங்குவதன்று. ஒரு மணி நேரத்தில் தொடங்குகிறது.

பெரிய உதவிகள் எவை என்பதையும் அறிந்துவைத்தல் வேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டிலேயே டாக்டர் வ. செ. நடராசன் முயற்சியால் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. கிண்டியில் முதியோர்க்கென்றே 200 படுக்கைகள் கொண்ட தேசிய மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மறதிநோயாளர் குடும்பங்களுக்கெனக் கேரளத்தின் குன்னங்குளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் 1992இல் தொடங்கிய அல்சைமர் சங்கம் பின்னர்ப் பல நகரங்களில் கிளை விரித்தது. சென்னையிலும் கிளை உண்டு. 1984இல் டாக்டர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் நிறுவனமும் சென்னையில் மறதிநோய்க்கெனத் தனிச் சேவை நடத்துகிறது. கேரள அரசு 2014இல் ‘ஸ்மிருதிபதம்’ என்னும் திட்டத்தின்கீழ், நோயாளர் பகலில் தங்கிச் செல்லும் இல்லங்களை ஏற்படுத்த முனைந்தது. தொலைபேசியில் வழிகேட்க முதியோர் உதவி எண் 14567. பேணுவோரின் மனத்துயர்க்கு டெலிமானஸ் எண் 14416. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைக் காணலாம். தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால், படுத்த படுக்கையானோர்க்கு வீடு தேடி வந்து உதவும் முறையும் ஏற்பட்டது.

இவற்றுள் பெரும்பாலானவை நகரத்தில் உள்ளன. பேருந்தில் ஏறியவுடன் ‘என்னை எங்கே கடத்துகிறீர்கள்?’ என்று கூவும் முதியவரை நூறு கிலோமீட்டர் அழைத்துச் சென்று வருதல் எத்தகையது என்பதைச் செய்தவரே அறிவர். நோயறியவும் மருந்து முறை வகுக்கவும் ஓரிரு முறை போகத்தான் வேண்டும். அதன்பின் உள்ள ஆயிரம் நாள்களுக்கு ஊர்தான் மருத்துவமனை.

பயிற்சி பெறாத நாம் என்ன செய்ய இயலும் என்று கேட்பீர்கள். கோவா மாநிலத்தில் இரண்டு வட்டங்களில் 81 குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. உள்ளூரைச் சேர்ந்த சாதாரணப் படிப்புடையோர்க்குக் குறுகிய பயிற்சி தந்து, ஆறு திங்கள் அக்குடும்பங்களின் வீடுகளுக்கு அனுப்பினர். அவர்கள் நோயைப் பற்றி விளக்கினர், பேணுவோர் சொல்வதைக் கேட்டனர், மருத்துவரிடம் செல்ல வழிகாட்டினர். நோயாளரின் நடத்தையில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. ஆனால் பேணுவோரின் மனநிலை தெளிவாக மேம்பட்டது. நோயைத் தீர்க்க மருந்து இன்னும் இல்லாத நிலையில், பேணுவோரைத் தாங்குவது மட்டுமே நம் கைக்கு எட்டுவது. அது எட்டவும் செய்கிறது.

எங்கள் முயற்சி இதனினும் சிறியது. அக்காவின் தெருவிலும் அடுத்த தெருவிலும் உள்ள பெண்கள் ஆறுபேர், நாளுக்கு ஒருவராகப் பிற்பகல் இரண்டு மணி நேரம் அவருடன் அமர்வது என ஏற்பாடு செய்தோம். முதல் திங்களிலேயே இருவர் நின்றுவிட்டனர். ஒருவர் அவ்வீட்டில் கண்டதை அயலில் சொல்லித் திரிந்ததால் யானே வரவேண்டா என்று கூற நேர்ந்தது. பிறர் குறையை மறைத்தல் என்னும் உபகூகனத்தை நற்காட்சியின் உறுப்பாக ஏன் வைத்தார்கள் என்பது அன்று விளங்கிற்று. நோயாளர் அறையில் கண்ட எதனையும் வெளியே சொல்லலாகாது என்பதே எங்கள் முதல் விதியாயிற்று. எஞ்சிய மூவரும் யானும் தொடர்ந்தோம். யான் திங்களில் பத்து நாள் அங்கே தங்கினேன். அக்காவுக்கு நாள் கிழமை தெரியாது. ஆனால் இளமையில் பாடம் செய்த தோத்திரங்களைத் தொடங்கிக் கொடுத்தால் இறுதிவரை பிழையின்றிச் சொல்வார். பழம்பாடமும் இசையோடு கற்றதும் நெடுங்காலம் நிலைத்து நிற்கும். கொண்டைக்கடலையில் கல் பொறுக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் அமைதியாக இருப்பார். பொறுக்கி முடிந்ததை மறுநாள் மீண்டும் கொடுப்போம். வேலை ஆகவேண்டும் என்பதன்று. தாம் வேண்டப்படுகிறோம் என்று அவர் உணர வேண்டும் என்பதே நோக்கம்.

மாலைப்பொழுதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்நோயுடையார்க்கு வெளிச்சம் மங்கும் வேளையில் அச்சமும் பதற்றமும் பெருகும். நம் வீடுகளிலோ, கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்க வேண்டி அடுக்களை பரபரப்பதும் அதே வேளையில்தான். பேணுபவள் அடுப்படியில் நிற்க, நோயாளர் வாசற்படி இறங்கிப் போய்விடுவார். ஆதலின் துணைக்கு வருவோர் அந்த வேளையில் வருதல் மிகப் பயன்தரும். இருள்வதற்கு முன்பே விளக்கேற்றுக. உண்டதை மறந்து இரவில் உணவு கேட்டால் என்ன செய்வது என்று பலர் வருந்திக் கேட்கின்றனர். பெரும்பாலும் அது பசியன்று. பேச்சில் கவனம் திரும்பினால் அடங்கும். அடங்காவிடில், அல்லது இனிப்புநீர் மருந்தின் பொருட்டு உண்ணவே வேண்டியிருப்பின், கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. விரதம் என்பது அறிந்து ஏற்பது. ஏற்றதையே அறியாதவர்மேல் அதனைச் சுமத்தலாகாது. மாறுபட்ட கருத்துடையோர் தம் ஊர்ப் பண்டிதரைக் கேட்டுத் தெளிக. ஆனால் அவரைக் கேட்கும்வரை முதியவளைப் பசியோடு வைத்திராதீர்.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. நோய் முற்றியவர் உணவை மறுக்கும்போது, ‘சல்லேகனை ஏற்றுவிட்டார்’ என்று சிலர் பெருமையாகக் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். இது பெரும்பிழை. 2015 ஆகஸ்டு திங்களில் இராசத்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலையென்று தடைசெய்தபோது, நம்மவர் நாடெங்கும் அமைதி ஊர்வலம் சென்று, அது தெளிந்த அறிவோடு, இறப்பை விரும்பாமலும் வாழ்வைப் பற்றாமலும், குருவின் இசைவு பெற்று ஏற்கும் தவம் என்று வாதிட்டனர். அதே திங்கள் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. தெளிந்த அறிவு வேண்டும் என்று உலகுக்கு உரைத்த நாமே, அறிவு மறைபட்ட ஒருவரின் உணவு மறுப்புக்கு அப்பெயரைச் சூட்டலாமா? வாய்ப்புண், பல்வலி, மலச்சிக்கல், விழுங்க இயலாமை, மனச்சோர்வு இவற்றுள் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். கூழாக மசித்து, நிமிர்த்தி அமர்த்தி, சிறுகரண்டியால் பொறுமையாக ஊட்டினால் உண்பர். அவ்வாறு ஊட்ட ஒரு வேளைக்கு முக்கால் மணி ஆகும். அங்கேயும் வேண்டுவது இன்னொரு கையே.

ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு சொல். மறதிநோயுற்றாரிடம் நிலத்துக்கும் வீட்டுக்கும் கைந்நாட்டு வாங்கும் வேளையில் உங்களைச் சாட்சிக்கு அழைப்பர். எழுதியது இன்னதென்று அறியும் மனநிலை இல்லாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதில் சாட்சிக் கையெழுத்திடுவது களவுக்குத் துணைபோவதாகும். பெற்றோரையும் முதியோரையும் பேணும் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேணுவதாக உறுதி பெற்று எழுதிக்கொடுத்த சொத்தைப் பேணாதவரிடமிருந்து மீட்கவும் வழியுண்டு. நோய் தொடக்கநிலையில் இருக்கும்போதே, முதியவர் தெளிவோடு இருக்கும் வேளையில், அவர் விருப்பத்தைக் கேட்டு எழுதி வைத்தலே நேர்மை.

தானம் நான்கு: ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம். முதல் மூன்றுக்கும் நம் ஊர்களில் உண்டியலும் இரசீதும் உள்ளன. அபயதானத்துக்கு இல்லை. தான் எங்கே இருக்கிறோம், சுற்றி இருப்பவர் யார் என்று அறியாது நாள் முழுதும் அஞ்சிக்கொண்டிருக்கும் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பதே அபயதானம். அதற்குக் காசு வேண்டா.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்கள் முறை நின்றுபோயிற்று. யானும் ஊருக்குப் போக இயலவில்லை. நான்கு திங்கள் கழித்துச் சென்று பார்த்தபோது, அக்கா ஏறத்தாழ முன்போலவே இருந்தார். மருமகள்தான் அடையாளம் தெரியாமல் மெலிந்திருந்தாள். இரத்த அழுத்தம் ஏறி மாத்திரை தொடங்கியிருந்தாள். என்னைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் நால்வரும் கொடுத்த அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா 2021இல் மறைந்தார். இறுதி நாள்களில் மகனையும் என்னையும் அறியவில்லை. அவள் குரல் கேட்டால் மட்டும் தலையைத் திருப்புவார்.

மகளிர் வகுப்புகளில் இப்பாடத்தை நடத்துவோர், உறுப்புகளின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், நம் ஊரில் இந்நோயுடையார் எத்தனை பேர், அவரைப் பேணுவோர் யார், அவர் கடைசியாக ஜினாலயத்துக்கு வந்தது எப்போது என்னும் மூன்று வினாக்களையும் கேட்க வேண்டுகிறேன். விடை தெரியாவிடில் அவ்வீடுகளுக்குச் சென்று கேட்டு வரலாம். செல்லும்போது இருவராகச் செல்க. ஒருவர் முதியவரோடு பேசட்டும், மற்றவர் பேணுபவரிடம் அடுக்களையில் போய் அமரட்டும். பழம் வாங்கிச் செல்வதைவிட, எந்த நாளில் எத்தனை மணிக்கு வந்து அமர இயலும் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வது நலம். எழுதிய நாளில் தவறாது போக வேண்டும். இரண்டு மணி நேரம் இயலாவிடில் ஒரு மணி நேரம் என்று எழுதுங்கள். வராத இரண்டு மணி நேரத்துக்காக அவள் குளித்து, புடைவை மாற்றிக்கொண்டு, வாசலில் காத்து நிற்கக்கூடும்.